சிவகாசி காலண்டர் ஓவியம்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி அச்சகங்களுக்காக வரையப்பட்ட சாமி படங்களும் இயற்கைக் காட்சிகளும் இப்பெயரால் வழங்குகின்றன. படத்தில் கையெழுத்து ஓவியருடையது என்றாலும், அதன் உருவத்தில் அச்சக முதலாளி, ஏஜென்ட், வாங்கும் கடைக்காரர் என்று பலருடைய சொல்லும் கலந்திருக்கும்.

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. அதற்காக வந்த அச்சகங்கள் காலண்டரையும் பிடித்துக்கொண்டன.

ஓவியர்கள் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் இருந்தார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் அங்கே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் முதலியோர் அவருடைய சீடர்கள். திரைச்சீலை தனி ஒருவர் எழுதி முடிக்கிற வேலை அல்ல. அந்தக் கூட்டுப் பழக்கம் காலண்டருக்கும் வந்தது. குருவும் சுப்பையாவும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் உண்டு.

காலண்டர் தொழிலில் நாள் கணக்கு இரும்பு. புத்தாண்டு பிறந்த பிறகு வருகிற காலண்டர் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். ஆகவே ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். ஏஜென்டுகள் அதைச் சுமந்து ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பார்கள்.

படம் மட்டும் இப்படிக் கட்டளைக்கு அடங்குவதில்லை. முருகனுக்கு எத்தனை கை, எதில் வேல் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். முகத்தில் கனிவு போதவில்லை என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதை நேரில் உட்கார்ந்து, படத்தைக் காட்டித்தான் பேசவேண்டும். நகை கூட்டவும் நிறம் பளிச்சென்று இருக்கவும் கடைக்காரர் கேட்டால், அந்தப் பேச்சு ஏஜென்ட் வழியாக முதலாளிக்கும், அவர் வழியாக ஓவியருக்கும் போய், அடுத்த ஆண்டுப் படத்தில் தெரியும். இந்தக் கைமாற்றத்தைக் கஜ்ரி ஜெயின் ‘காட்ஸ் இன் த பஜார்’ (2007) என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஓவியரின் சுதந்திரத்தைச் சந்தை தின்றுவிட்டது என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் பூஜையறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறவரின் விருப்பம் ஓவியர் காதுக்கு எட்டியது இந்த வழியில்தான்.

இப்போது கணினியில் படம் உருவாகிறது. திருத்தம் கைபேசியில் வருகிறது. ஆல்பத்துக்குப் பூஜை போடுவது இன்றும் ஆடிப் பதினெட்டில்தான்.