சுகினாமி கையெழுத்து இயக்கம்

சுகினாமி கையெழுத்து இயக்கம், 1954-ஆம் ஆண்டு டோக்கியோ நகரின் மேற்கிலுள்ள சுகினாமி வட்டாரத்தில் தொடங்கிய ஐதரசன் குண்டு எதிர்ப்பு இயக்கமாகும். மீன் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் முன்னின்று நடத்திய இந்த முயற்சி நாடெங்கும் பரவி, 1955 ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை ஒன்பது கோடிக்கும் சற்றுக் குறைவு. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கையொப்பமிட்டார்.

பின்னணி

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் அணுகுண்டால் அழிந்தன. ஆனால் அந்த அழிவைப் பற்றி ஜப்பானியர்கள் பல ஆண்டுகள் வெளிப்படையாகப் பேச முடியவில்லை. போருக்குப் பின் வந்த ஆக்கிரமிப்பு ஆட்சி, குண்டின் விளைவுகள் குறித்த செய்திகளையும் படங்களையும் தணிக்கை செய்தது. அந்த ஆட்சி முடிந்த பிறகு, 1952 ஆகஸ்டில் ஒரு படப் பத்திரிகை ஹிரோஷிமா புகைப்படங்களை வெளியிட்டபோதுதான் பலர் அவற்றை முதன்முறையாகப் பார்த்தனர்.

அதற்கு முன்பே, 1950-இல், அணு ஆயுதத் தடை கோரும் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளுக்காக ஜப்பானில் பல லட்சம் பேர் கையெழுத்திட்டிருந்தனர். எனினும் அது கம்யூனிஸ்டுகளின் இயக்கம் என்ற முத்திரை விழுந்ததால், அரசியலில் ஈடுபடாத குடும்பங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. சுகினாமி இயக்கத்தை வடிவமைத்தவர்கள் இந்த அனுபவத்தை மறக்கவில்லை.

பிகினி சோதனையும் மீனும்

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஐதரசன் குண்டை வெடித்துச் சோதித்தது. 'பிராவோ' எனப் பெயரிடப்பட்ட அச்சோதனை சுமார் 6 மெகாடன் ஆற்றல் தரும் என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டிருந்தனர். வெளிப்பட்டதோ 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, பிகினியிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில், யைசு துறைமுகத்தைச் சேர்ந்த 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு' என்ற சூரை மீன்பிடிப் படகு நின்றிருந்தது. சில மணி நேரத்தில் அதன்மீது வெள்ளைச் சாம்பல் பொழியத் தொடங்கியது. அது பொடியாகிப்போன பவளப்பாறை. அதில் கதிரியக்கம் ஏறியிருந்ததை அறியாத 23 மீனவர்களும் கையாலேயே அதைத் தட்டிவிட்டு தூண்டில் கயிறுகளை இழுத்தனர். மார்ச் 14 அன்று படகு கரை திரும்பியது. இரண்டு நாள் கழித்து 'யோமியுரி' நாளிதழ் செய்தியை வெளியிட்டது. அதற்குள் மீன் சந்தைக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்தடுத்து வந்த படகுகளின் மீன்களிலும் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் 800-க்கும் மேற்பட்ட படகுகளின் மீன்கள் கடலில் கொட்டப்பட்டன அல்லது புதைக்கப்பட்டன. மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். மே மாதம் பெய்த மழையிலும் கதிரியக்கம் இருந்தது. எங்கோ நடந்த வெடிப்பு சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துசேர்ந்ததுதான் இந்த இயக்கத்தின் உண்மையான தொடக்கம்.

கையெழுத்துச் சேகரிப்பு

முதலில் அசைந்தவர்கள் பிழைப்பை இழந்த மீன் வியாபாரிகள். ஏப்ரல் மாதத்திலேயே அவர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கினர். சுகினாமி பொதுக்கூடத்தில் பெண்களுக்காக நடந்த ஒரு சொற்பொழிவின் முடிவில், மீன் கடைக்காரர் ஒருவரின் மனைவியான சுகவாரா தொமிகோ எழுந்து, இதைப் பற்றி நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் பொதுக்கூடத்தின் தலைவர் யசுயி கவோரு, சர்வதேசச் சட்டப் பேராசிரியர். அவருடன் சேர்ந்து புத்தகம் வாசிக்கும் பெண்கள் குழு ஒன்று 1953 முதல் அங்கே கூடிவந்தது. இ. எச். கார் எழுதிய 'புதிய சமுதாயம்' நூலை அவர்கள் வரிவரியாகப் படித்தனர். பின்னர் வீடு வீடாகப் படியேறியவர்களில் இந்த வாசகியரும் இருந்தனர். இயக்கம் திடீரென எழுந்ததாக எழுதுவோர் இந்த வாசிப்புக் குழுவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மே 9 அன்று அமைக்கப்பட்ட சுகினாமி குழுவில் பல கட்சியினரும் இடம்பெற்றனர். வேண்டுகோள் எந்த நாட்டையும் குற்றம் சாட்டவில்லை, எந்தக் கட்சியையும் சாரவில்லை. மனித உயிரையும் வாழ்வையும் காக்கும்படி எல்லா அரசுகளையும் மக்களையும் கேட்டுக்கொண்டது. இந்தக் கட்டுப்பாடு காரணமாகவே மாதர் சங்கங்கள், பெற்றோர்-ஆசிரியர் கழகங்கள், தொழிற்சங்கங்கள், கடைக்காரர்கள் எனப் பலதரப்பினரும் ஒரே தாளை ஏந்திச் செல்ல முடிந்தது. ஜூன் இறுதிக்குள், சுமார் 3,90,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில் 2,60,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன.

ஆகஸ்டில் தேசியக் குழு உருவானபோது பெயரில் ஒரு மாற்றம் வந்தது. சுகினாமி குழு 'ஐதரசன் குண்டு' என்று மட்டுமே சொல்லியிருந்தது. தேசியக் குழு 'அணுகுண்டு' என்பதையும் சேர்த்தது. சிறிய திருத்தம்தான், ஆனால் அதன் வழியாகவே ஹிரோஷிமாவும் நாகசாகியும் இயக்கத்துக்குள் வந்தன. செப்டம்பர் 23 அன்று படகின் தந்தி இயக்குநர் குபொயாமா ஐகிச்சி தம் 40-ஆம் வயதில் மருத்துவமனையில் இறந்தார். அதன்பின் கையெழுத்துகள் மேலும் விரைந்து பெருகின.

விளைவுகள்

1955 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியது. பத்தாண்டுகள் வாய்மூடி இருந்த அணுகுண்டுப் பாதிப்பாளர்கள் அங்கே மேடையேறித் தங்கள் கதையைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு 'நிஹோன் ஹிடாங்க்யோ' என்ற பெயரில் அவர்கள் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர்.

சோதனைகள் உடனே நிற்கவில்லை. மார்ஷல் தீவு மக்கள் 1954 ஏப்ரல் 20 அன்றே, தங்கள் தீவுகளில் சோதனைகளை நிறுத்தும்படி ஐ.நா.வுக்கு மனு அனுப்பியிருந்தனர். பிராவோவின் சாம்பல் அவர்களுடைய ரொங்கெலாப் தீவிலும் விழுந்திருந்தது. சிறு மக்கள்கூட்டத்தின் அந்த மனு ஏற்கப்படவில்லை. 1958 வரை சோதனைகள் தொடர்ந்தன. சோதனைகளை நிறுத்திவைக்குமாறு பிரதமர் நேரு 1954 ஏப்ரலில் விடுத்த அழைப்புக்கும் அப்போது பலன் கிட்டவில்லை. 1962-இல் ராஜாஜி காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியிடம் இதே கோரிக்கையை வைத்தார். 1963-இல் கையெழுத்தான பகுதித் தடை ஒப்பந்தம் வளிமண்டலச் சோதனைகளைத் தடுத்தது, நிலத்தடிச் சோதனைகளை அனுமதித்தது.

அதே காலத்தில் ஜப்பானிய இயக்கம் உடைந்தது. சோவியத் ஒன்றியத்தின் சோதனைகளையும் கண்டிக்க வேண்டுமா என்ற கேள்வியில் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் மோதினர்; 1965-க்குள் தனித்தனி அமைப்புகளாயினர். எந்த நாட்டின் பெயரையும் சொல்லாததால் திரண்ட கூட்டம், பெயர் சொல்ல வேண்டி வந்தபோது சிதறியது.

பாதிப்பாளர்களின் அமைப்பு மட்டும் தொடர்ந்து இயங்கியது. 2016-இல் அவர்கள் தொடங்கிய புதிய வேண்டுகோளுக்கு 2020-க்குள் 1.37 கோடி கையெழுத்துகள் சேர்ந்தன, பட்டியல் ஐ.நா.விடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கிடையே, 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் வாக்குகளுடன் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 2024-இல் நிஹோன் ஹிடாங்க்யோ அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அமெரிக்காவின் அணு ஆயுதப் பாதுகாப்பைச் சார்ந்திருக்கும் ஜப்பான் அரசு, அந்தத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.