தேர்ச்சி நிறுத்தமும் திருப்பூர் பனியன் தொழிலும்

ஆண்டுத் தேர்வில் தேறாத மாணவரை அதே வகுப்பில் மீண்டும் படிக்கவைப்பது தேர்ச்சி நிறுத்தம் எனப்படும். பேச்சுவழக்கில் ‘பெயில்’. பின்தங்கியவருக்கு இன்னோர் ஆண்டு வாய்ப்புத் தருவதே இதன் நோக்கம். திருப்பூரில் அந்த ஓராண்டுக்குப் பள்ளியோடு பனியன் கம்பெனியும் போட்டியிட்டது.

1970களின் இறுதியில் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியபின் இங்கு ஆள்தேவை பெருகியது. கைமடித்தல், பிசிறு வெட்டுதல், அடுக்கிக் கட்டுதல் போன்ற உதவியாள் வேலைகளுக்குப் படிப்பு வேண்டியதில்லை; சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14 வயது நிரம்பாதோரை வேலையில் அமர்த்தத் தடைவிதித்தது. ஆனால் சிறு பட்டறைகளும் வீட்டில் நடந்த ஜாப் ஒர்க்கும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்தன.

வயதுக் கணக்கைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேர்பவர் தடையின்றிப் படித்தால் 13 வயதில் எட்டாம் வகுப்பை முடிப்பார். இருமுறை நிறுத்தப்பட்டவர் 14 வயதில் ஏழாம் வகுப்பைத்தான் முடித்திருப்பார். தொடக்கக் கல்வி முடியுமுன்பே வேலைக்குச் செல்லும் வயது வந்துவிடும். தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரும் கூச்சமும் சேர்ந்தால், கம்பெனிக்குப் போவதே கௌரவமாகத் தோன்றும்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தத்தைத் தடைசெய்தது. மக்கள் இதை ‘ஆல் பாஸ்’ என்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலே மேல்வகுப்புக்குப் போகிறார்கள் என்ற குறை நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து கூடுதல் கற்பித்தல்தான். பெயிலாக்குவதால் எழுத்து வந்துவிடாது. சட்டத்தின் காப்பு எட்டோடு முடிவதால், வடிகட்டும் இடம் ஒன்பதாம் வகுப்புக்கு நகர்ந்தது.

2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க வழிவிட்டது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு இவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசுப் பள்ளிகளுக்குப் புதிய விதி வந்தபோதும், தமிழ்நாட்டில் பழைய முறையே தொடரும் என மாநில அரசு அறிவித்தது.

இன்று கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. பீகார், ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் திருப்பூர் வரும் பதினொரு வயதுச் சிறுமிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவளை முதல் வகுப்பில் உட்காரவைப்பதும் ஒருவகைத் தேர்ச்சி நிறுத்தமே. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு.