எபிசோட்: இன்னொருத்தர் நாற்காலியில் உட்காருபவர்கள்

போன வருஷம் நான் ஆறு மாத கான்ட்ராக்ட் ஒன்றில் இருந்தேன். லேப்டாப் ஆக்சஸ் வரவே மூணு வாரம் போச்சு. அந்தக் கடுப்பில்தான் கான்ட்ராக்ட் வேலைகளோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன். தேடிப் போய் நின்ற இடம், அமெரிக்க கிராமத்து கிளினிக்.

மருத்துவத்தில் தற்காலிக ஆளுக்கு 'லோக்கம் டெனன்ஸ்' என்று பெயர். லத்தீன் சொல், இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அது டாக்டர்களுக்கான வேலை. 1979-இல் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய காம்ப்ஹெல்த், இதையே தொழிலாக நடத்திய முன்னோடி நிறுவனங்களில் ஒன்று.

நர்ஸ் பிராக்டிஷனர் இதுக்குள்ள எப்படி வந்தாங்க? 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் ஒரு பயிற்சியைத் தொடங்கினாங்க. டாக்டர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதிக்க, நர்ஸுகளுக்குக் கூடுதல் படிப்பு. ஆக, இந்தத் தொழிலே ஒரு காலியிடத்தை நிரப்பப் பிறந்ததுதான்.

அடுத்த திருப்பம் 1977. கிராமப்புற கிளினிக்குகளுக்காக ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் அரசு காப்பீட்டுப் பணம் வாங்கும் கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனரோ, ஃபிசிஷியன் அசிஸ்டன்டோ வேலை பார்த்தே ஆகணும். இன்றைய விதிப்படி, கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் குறைந்தது பாதி. இப்போ யோசிங்க: சின்ன ஊர், ஒரே ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். அவங்க பிரசவ விடுப்பில் போனா? விதியும் உதைக்கும், நோயாளிகளும் திண்டாடுவாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஆள் வேணும். 1997 சட்டம் வந்த பிறகு, முதியோருக்கான மெடிகேர் காப்பீடு எல்லா இடத்திலும் இவங்களுக்கு நேரடியாகப் பணம் தர ஆரம்பிச்சது. டாக்டருக்கான கட்டணத்தில் 85 சதவீதம். அதனால எங்கே அனுப்பினாலும் அவங்க பார்க்கிற வேலைக்குத் தனியா பில் போட முடிஞ்சது.

ஆனா சிக்கல் லைசென்ஸில். அது மாநிலத்துக்கு மாநிலம் வேற. நியூ மெக்சிகோவில் ஒருத்தர் டாக்டர் மேற்பார்வை இல்லாம தானே மருந்து எழுதலாம். எல்லை தாண்டி டெக்சாஸ் போனா, அதே ஆள் ஒரு டாக்டரோட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடணும். படிப்பும் அனுபவமும் மாறலை, பெர்மிஷன் மட்டும் மாறிடுச்சு. கோட் அப்படியே இருக்கு, சர்வர் மாத்தினதும் ஓட மாட்டேங்குது, அந்த மாதிரி. 2020 கோவிட் நேரத்தில் பல மாநிலங்கள் இந்தக் கட்டுப்பாடுகளை அவசரமாகத் தளர்த்தின. ஆபத்து வந்தப்போ தளர்த்த முடிஞ்ச விதி, மத்த நாளில் எதுக்கு இருக்குன்னு கேள்வி வரத்தானே செய்யும்?

கான்ட்ராக்டில் போறவங்களுக்குச் சுதந்திரம் இருக்கு. ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் இடைவெளி எடுக்கலாம். ஆனா பலருக்குச் சம்பளத்தோட விடுப்பு கிடையாது. வேலையை விட்டு வந்த பிறகு பழைய நோயாளி வழக்குப் போட்டா, காப்பீடு அதுக்கும் பொருந்துமான்னு கையெழுத்துப் போடும் முன்னாடியே பார்க்கணும்.

நோயாளி பக்கம் இருந்து பார்த்தா? சர்க்கரை நோய்க்கு வருஷக்கணக்கா வர்ற ஒரு பாட்டி, ஒவ்வொரு புது முகத்துக்கும் தன் கதையை முதலில் இருந்து சொல்லணும். என் கான்ட்ராக்ட் முடிஞ்சப்போ நான் ஒரு டாக்குமென்ட் எழுதி வச்சுட்டு வந்தேன். பாட்டியோட நம்பிக்கையை எந்த டாக்குமென்ட்ல எழுதி வைப்பாங்க?

காலியிடத்தை நிரப்ப வந்தவங்க இன்னும் நிரப்பிக்கிட்டே இருக்காங்க, அறுபது வருஷமா. நீங்க கான்ட்ராக்ட் வேலை பார்த்திருந்தா, எதை விட்டுட்டு வந்தீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!