பேய் முறைப்பாடு: பரணியும் திரையும்

திரைப்படத்தில் வரும் பேய்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது தகுமா என வினவுவார் நம் துறையில் இன்றும் உளர். அவரே மறுநாள் முதுகலை வகுப்பில் கலிங்கத்துப் பரணியின் களங்காட்டும் பகுதியைப் பாடஞ் சொல்வர். முரசு உரலாகவும் யானைக்கொம்பு உலக்கையாகவும் மாண்டாரின் பல் அரிசியாகவும் அமையப் பேய்கள் கூழடும் காட்சியை மாணாக்கர்க்கு நயம்பட விளக்குவர். குருதி செய்யுளில் ஒழுகினால் இலக்கியம், திரையில் ஒழுகினால் இழிவு என்னும் வேறுபாடு எவ்வாறு நிலைபெற்றது என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும். ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. அச்சமும் குருதியும் மிக்க ஒரு படம் வெற்றி பெற்றதும் அதற்கு இரண்டாம் பாகம் தோன்றுகிறது. அவ்விரண்டாம் பாகம் முதற் கதையைத் தொடர்வது அரிது. பெரும்பாலும் அது முதலதனை வேறு பேய்கொண்டு மீண்டும் நிகழ்த்துகிறது. இஃது ஏன்?

இதனை வணிகத் தந்திரம் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், பரணிப் புலவர் செய்ததும் இதுவே. கலிங்கத்துப் பரணிக்கு முன்னரே கொப்பத்துப் போரையும் கூடல சங்கமத்துப் போரையும் பாடிய பரணிகள் இருந்தன என அறிகிறோம். அவை கிடைத்தில. செயங்கொண்டார் முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய பின்னர், ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழனது கலிங்க வெற்றியை மற்றொரு பரணியாகப் பாடினார் என்பர். அதுவும் மறைந்தது. அவர் பாடிய தக்கயாகப் பரணி நமக்குக் கிட்டியிருக்கிறது, உ. வே. சாமிநாதையர் அதனை 1930-இல் பதிப்பித்தார். இதில் களம் மண்ணுலகப் போர்க்களமன்று, தக்கனது வேள்விச்சாலை. வெல்பவன் வேந்தனல்லன், வீரபத்திரன். எனினும் கடைதிறப்பு உண்டு, காடு உண்டு, காளி உண்டு, பசித்த பேய்கள் உண்டு, கூழும் உண்டு. தலைவன் மாறினான், பேய்கள் மாறவில்லை. பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரே பெயராகும் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க. பின்னர் வேண்டப்படும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறுவர். சிதைந்த உடலும் வழியும் குருதியும் அந்நான்கனுள் இல்லை. இது குறையன்று. அணங்கு என்பதில் உருவத்தினும் ஆற்றலே முதன்மை. குருதி அவ்வாற்றலின் அடையாளமாகலாமேயன்றி, தானே அச்சமாகாது. அதனை மிகுத்துக் காட்டக் காட்ட, காண்பார் உள்ளம் அச்சத்தினின்று நழுவி நகையில் விழுகிறது. செயங்கொண்டார் இதனை நன்குணர்ந்தவர். கூழ் வட்டிக்கும் இடத்தில் குருட்டுப் பேயையும் ஊமைப் பேயையும் பந்தியில் இருத்தி நகையாடுகிறார். பிணக்குவியலின் நடுவே விருந்தின் ஆரவாரம் கேட்கிறது.

மேலைநாட்டுத் திரையிலும் இதே நெறி காணப்படுகிறது. சாம் ரெய்மி இயக்கிய ஈவில் டெட் (1981) இறுகிய அச்சத்தால் ஆயது. அவரே எடுத்த அதன் இரண்டாம் படம் (1987) அதே காட்டுக் குடிலுக்குச் சென்று, முதற் படத்தின் கதையைச் சுருங்க மீண்டும் நடித்துக் காட்டிவிட்டே மேற்செல்கிறது. தலைவன் பேய்பிடித்த தன் கையையே அறுத்தெறிய, அக்கை அவனோடு போரிடுகிறது. குருதி முன்னையினும் மிகுதி, சிரிப்பும் மிகுதி. இதனைக் கொண்டு அவர் பரணி கற்றார் எனக் கூறுவது நகைப்பிற்கிடமாகும். குருதியை இரண்டாம் முறை காட்டப் புகும் கலைஞன் எந்நாட்டவனாயினும் நகையின் துணையை நாடுகிறான் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

நம் தமிழ்ப்படங்களுக்கோ இவ்விரண்டினும் அணிமையில் ஊற்று ஒன்று உண்டு. முகையூர் வட்டாரத்தில் பிறந்தார்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. எம் ஊர்ப்புறத்திற்கு அண்மையதான திருக்கோவலூர் அட்டவீரட்டங்களுள் ஒன்று. சிவபெருமான் அந்தகாசுரனை அழித்த இடம் என்பது தலவரலாறு. அசுரனின் குருதி நிலத்தில் வீழுந்தோறும் ஒவ்வொரு துளியினின்றும் ஓர் அசுரன் எழுந்தான் என்பர். ஒரு படத்தின் வெற்றி அடுத்த படத்தை ஈனுவதற்கு இதனினும் பொருத்தமான உவமை எமக்குத் தோன்றவில்லை. இப்பகுதித் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்துப் பல இரவுகள் நடந்து, இறுதியிற் படுகளம் நிகழும். துரியோதனன் உருவத்தை மண்ணாற் பேருருவாகக் கிடத்துவர். வீமன் வேடங்கொண்டவன் தொடையில் அறைய, அங்கு வைத்த செந்நீர் வெளிப்படும். திரௌபதி அதனைக் கூந்தலில் தோய்த்து முடிப்பாள். சிறுவனாக இருந்தபோது யான் அதனைத் தந்தையின் தோள்மேல் இருந்து கண்டேன். அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டதும், அடுத்த நொடியிற் கட்டியங்காரன் சொன்ன ஏதோ ஒரு பேச்சிற்குக் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்ததும் நினைவில் உள்ளன. சென்ற விழாவில் மாண்ட துரியோதனன் அடுத்த விழாவிலும் மாள்வான். கதை தெரியாமையால் எவரும் வருவதில்லை. சபதம் ஒன்று நிறைவேறுவதைக் காணவே வருகின்றனர். அங்குக் குருதி ஒரு முறையீட்டிற்குக் கிடைத்த விடை.

முறையீடு என்பதே இவ்வாராய்ச்சியின் திறவுகோல். கலிங்கத்துப் பரணியில் பேய் முறைப்பாடு என்றே ஒரு பகுதி உண்டு. பேய்கள் காளியின்முன் நின்று தம் பசியைச் சொல்லி அழுகின்றன. அங்குப் பசிதான் வழக்கு. கூத்திலோ வழக்கு மானபங்கம். இராகவா லாரன்சு இயக்கி நடித்த முனி (2007) இக்கூத்தின் வழியையே சார்ந்தது. அஞ்சி நடுங்கும் இளைஞன் ஒருவன் உடலில், அரசியல்வாதி ஒருவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்ட முனியாண்டியின் ஆவி புகுந்து வழக்குரைக்கிறது. இராசகிரண் அவ்வாவியாக நடித்தார். இரண்டாம் படமான காஞ்சனா (2011) முனியின் கதையைத் தொடரவில்லை. தலைவன் பெயர் கணேசன் என்பதினின்று இராகவன் என மாறியது. அச்சம் அதே, வீடு அதுபோன்றதே. கோவை சரளா ஏற்ற தாய் வேடம் கட்டியங்காரன் செய்யும் தொழிலைச் செய்தது. புதியது ஒன்றே: முறையிட வந்த பேய். பெற்றோரால் துரத்தப்பட்டு, தன்னைப் போன்ற மற்றொருத்தியை வளர்த்து மருத்துவம் பயில்வித்து, மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்திலேயே கொன்று புதைக்கப்பட்ட திருநங்கை காஞ்சனா. சரத்குமார் அவ்வேடத்தை ஏற்றார்.

இதன் அருமையை உணர இவ்வட்டாரத்தையே மீண்டும் நோக்குதல் வேண்டும். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் கூவாகத்தில், சித்திரை முழுநிலாவையொட்டித் திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வர். மறுநாள் தாலியறுத்து அழுவர். அரவான் களப்பலியைப் பெருந்தேவனாரும் வில்லிபுத்தூராரும் பாடியுள்ளனர். பின்னவர் இந்நடுநாட்டிற் பிறந்தவர் என்பர். அங்கு ஆண்டுதோறும் கேட்கும் அழுகைக்கு எதிரி என ஒருவன் இல்லை. வழக்கும் இல்லை, அழுகை மட்டும் உண்டு. தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது 2008-இல். உச்ச நீதிமன்றம் அவர்தம் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது 2014-இல். இவ்விரண்டிற்கும் இடையே வந்த காஞ்சனா, கேலிப்பொருளாகவே பெரும்பாலும் திரையிற் காட்டப்பட்டவரை வழக்காடும் அணங்காக நிறுத்தியது. வேடமேற்றவர் ஆடவரே என்பது குறைதான். பேயானபின் அன்றி அவர் பேச்சுக்குச் செவிசாய்க்கப்படவில்லை என்பதும் குறைதான். ஆயினும் கொலைஞர் மாளும்போது அரங்கில் எழுந்த ஆரவாரம் படுகளத்து ஆரவாரத்தோடு ஒத்தது. விழுப்புரத்தில் மக்களோடு அமர்ந்து கண்டவன் என்பதால் இதனைச் சொல்கிறேன்.

இனிப் பெயரைப் பற்றிய செய்தி. பரணி தோற்றார் பெயரைக் கொள்வது போல், இப்படங்களும் வஞ்சிக்கப்பட்டு மாண்டவர் பெயரையே கொண்டன: முனி, காஞ்சனா. காஞ்சனா முனியின் இரண்டாம் பாகமாகவே வெளிவந்தது. ஆனால், 2015-இல் வந்த அடுத்த படத்திற்குக் காஞ்சனா 2 எனவும், 2019-இல் வந்ததற்குக் காஞ்சனா 3 எனவும் பெயர் அமைந்தன. முன்னதில் முறையிடுபவள் நித்யா மேனன் நடித்த கங்கை என்னும் மாற்றுத்திறனாளிப் பெண். பின்னதில் காளி என்னும் ஆடவன். கலிங்கத்தைப் பாடாத நூலுக்குக் கலிங்கத்துப் பரணி எனப் பெயரிட்டாற்போல் ஆயிற்று. ஒட்டக்கூத்தர் அவ்வாறு செய்திலர். தக்கன் வேள்வியைப் பாடியதைத் தக்கயாகப் பரணி என்றே வழங்கினார்.

வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. முதலிரு படங்களிலும் அஞ்சுபவன் ஒருவன், முறையிடும் பேய்க்கு வாழ்வளித்த நடிகர் வேறொருவர். ஆதலின் ஒருவன் உடலில் மற்றொருவரது துன்பம் புகுந்தது என்பது கண்முன் விளங்கிற்று. காஞ்சனா 2-இல் லாரன்சே இராகவனாகவும் மொட்டை சிவாவாகவும் தோன்றுகிறார். மூன்றாவதில் இராகவனும் அவரே, காளியும் அவரே. பிறர் துயர் வந்து புகுவதற்கு இடமில்லாதபடி தலைவன் தன்னையே தன்னுள் நிரப்பிக்கொண்டான். சிரிப்பும் குருதியும் குறையவில்லை, ஒருவேளை மிகுந்தன. முறைப்பாடு மட்டும் மெலிந்தது. அந்நிலத்தில் புதைக்கப்பட்டவள் பெயரோ சுவரொட்டியில் எண்ணோடு நின்றது.