விமானநிலையத் தீயணைப்பாளரின் தகுதி

கலகெதர போன்ற கண்டி மலையூரார் கடல்கடந்து செல்லும் வாயில் கட்டுநாயக்கா விமானநிலையமாகும். அதனை நோக்கி வந்த விமானமொன்று 1974 டிசெம்பர் 4 இல் மஸ்கெலியாவை அடுத்த ஏழுகன்னியர் மலையில் மோதி, 191 பேரும் மாண்டனர். 1978 நவம்பர் 15 இல் ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்த விமானத்திலோ, 262 பேருள் 79 பேர் உயிர் பிழைத்தனர்.

உயிருடன் எஞ்சுவோரை மீட்பதே விமானநிலையத் தீயணைப்பாளரின் தலையாய பணியாகும். ஓடுபாதையின் எம்முனையையும் மூன்று நிமிடத்துள் அடைந்து நுரை பொழிதல் வேண்டுமென்பது சர்வதேச விதி. எனவே உடல்வலிமை மட்டும் போதாது. எரிபொருளின் இயல்பு, விமானக் கதவுகளின் அமைப்பு, சுவாசக் கருவி, முதலுதவி ஆகியவற்றையும் அவர் கற்றுத் தேர்தல் வேண்டும்.

ஆயினும் அவ்விதி ஓடுபாதையையே அளவாகக் கொண்டது. தென்னந்தோட்டமோ அதற்கு அப்பாலிருந்தது. ஆதலின் அயலூர்ப் பாதைகளை அறிந்திருத்தலும் அவர்தம் தகுதிகளுள் ஒன்றெனக் கொள்ளுதல் தகும்.