புதுக்கோட்டை மாவட்டத்தில் வளங்காப்பு வேளாண்மையும் மண்வளமும்

வளங்காப்பு வேளாண்மை என்பது மண்ணை இயன்ற அளவு குறைவாகக் கிளறி, நிலத்தின் மேற்பரப்பைப் பயிராலோ சருகாலோ எப்போதும் மூடி வைத்து, ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இடாமல் மாற்றிப் பயிரிடும் வேளாண் முறையாகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதன் கூறுகள் நெல் தரிசுப் பயறு, பசுந்தாள் உரம், ஆட்டுக்கிடை, கண்மாய் வண்டல் இடுதல், மரத்தோட்டங்கள் ஆகிய வடிவங்களில் காணப்படுகின்றன. இவற்றுள் பல, வளங்காப்பு வேளாண்மை என்ற சொல் தோன்றுவதற்கு முன்பே இங்கு வழக்கில் இருந்தவை. இம்மாவட்டத்தின் சிவப்பு மண்ணில் உழவைக் குறைப்பதைக் காட்டிலும் மண்ணை மூடி வைப்பதே முதன்மையானது.

மண்ணும் மழையும்

புதுக்கோட்டை மாவட்டம் சனவரி 14, 1974 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இங்கு வற்றாத ஆறு எதுவும் இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஆறுகளாகும். மழையில் கணிசமான பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். அந்நீரைத் தேக்கி வைக்கவே ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் வெட்டப்பட்டன. அறந்தாங்கி, மணமேல்குடி வட்டாரங்களின் ஒரு பகுதி மட்டும் கல்லணைக் கால்வாயின் கடைமடையாக உள்ளது.

மாவட்டத்தின் பெரும்பகுதி சிவப்பு மண்ணும் செம்புராங்கல் கலந்த சரளை நிலமும் ஆகும். இம்மண்ணில் அங்ககப் பொருள் குறைவு. இதிலுள்ள களி, கரிசல் மண்ணின் களியைப் போல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் இயல்புடையதன்று. கரிசல் நிலம் கோடையில் தானே வெடித்துத் தன்னை ஓரளவு இளக்கிக்கொள்கிறது. சிவப்பு மண்ணுக்கு அந்த வசதி இல்லை. மேலும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இட்ட உரத்தின் ஒரு பகுதி பயிருக்கு எட்டுவதில்லை.

இம்மண்ணின் முதன்மையான குறைபாடு மேற்பரப்பு இறுக்கமாகும். வெற்று நிலத்தில் மழைத்துளி விழும்போது மண்கட்டிகள் உடைகின்றன. உடைந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அடுத்து வெயில் அடித்தால் நிலத்தின் மேல் ஓடு போன்ற ஒரு படலம் உண்டாகிறது. முளைவிடும் விதை அதைத் துளைத்து வெளிவரத் திணறும். அடுத்த மழை உள்ளிறங்காமல் வழிந்தோடும், போகும்போது மேல்மண்ணையும் எடுத்துச் செல்லும். மழை குறைந்ததாகக் கருதப்படும் ஆண்டுகள் சிலவற்றில் குறைந்தது மழையன்று, மண்ணுக்குள் இறங்கிய நீரே எனலாம்.

உழவைக் குறைத்தலும் மூடாக்கும்

உழவில்லா வேளாண்மை அமெரிக்கா, பிரேசில், அர்ச்செந்தீனா ஆகிய நாடுகளில் பெருமளவில் பரவியது. 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் வீசிய புழுதிப் புயல்கள் ஆழ உழுவதன் தீங்கை உணர்த்தின. வளங்காப்பு வேளாண்மைக்கான முதல் உலக மாநாடு 2001 இல் மத்ரித் நகரில் நடைபெற்றது. இந்தியாவில் கங்கைச் சமவெளியின் கோதுமை நிலங்களில் உழவில்லா விதைப்பு ஓரளவு நிலைபெற்றுள்ளது.

எனினும் அம்முறையை அப்படியே புதுக்கோட்டைக்குக் கொண்டுவருவது பொருந்தாது. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள பன்னாட்டுப் பகுதிவறள் வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் சிவப்பு மண்ணில் தொடங்கிய ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. உழாமலும் மூடாமலும் விட்ட நிலத்தில் மழைநீர் அதிகமாக வழிந்தோடியது. உழுத நிலத்தில் பருவத் தொடக்கத்தில் நீர் நன்றாக இறங்கியது. ஆனால் சில மழைகளுக்குப் பின் மண் மீண்டும் இறுகியதால் அந்த நன்மை மறைந்தது. வைக்கோலால் மூடிய நிலத்திலேயே வழிந்தோட்டம் தொடர்ந்து குறைவாக இருந்தது. கலப்பையை நிறுத்துவதால் மட்டும் சிவப்பு மண் தேறிவிடாது என்பது இதனால் பெறப்படும்.

மூடாக்குக்கான பொருள் எங்கிருந்து கிடைக்கும் என்பதே உழவரின் கேள்வி. வைக்கோல் மாட்டுக்குத் தேவை. கடலைக்கொடியும் அவ்வாறே. எஞ்சியதைக் கறையான் தின்றுவிடும். கரும்பு பயிரிடும் இடங்களில் சோகையை எரிக்காமல் கட்டைக் கரும்பின் பார்களுக்கு இடையே பரப்பலாம். தென்னை மிகுந்த ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் மட்டைகளும் நார்க்கழிவும் கிடைக்கின்றன. நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் கரிமம் மிகுதியாகவும் தழைச்சத்து மிகக் குறைவாகவும் இருப்பதால், மக்க வைக்காமல் இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

நிலக்கடலை மற்றொரு சிக்கலைத் தருகிறது. இம்மாவட்டத்தின் முதன்மையான புன்செய்ப் பயிர்களுள் ஒன்றான கடலைக்கு, விழுது மண்ணுக்குள் இறங்கப் பொலபொலப்பான நிலம் வேண்டும். அறுவடையே நிலத்தைக் கிளறுவதுதான். எனவே கடலை உழவரிடம் உழவில்லா வேளாண்மையைப் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு. அவருக்குப் பயன்படக்கூடியவை, சரிவுக்குக் குறுக்கே உழுதல், ஜிப்சம், தொழுவுரம், பயிர் மாற்றம் ஆகியனவே. மேற்பரப்பு இறுக்கமுள்ள சிவப்பு மண்ணுக்கு எக்டேருக்கு 2 டன் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பும், 10 டன் தொழுவுரமோ 12.5 டன் மக்கிய நார்க்கழிவோ இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அடிமண் இறுகிய நிலத்தை உளிக்கலப்பையால் ஆழ உழவும் அப்பல்கலைக்கழகம் சொல்கிறது. இது வளங்காப்பு வேளாண்மைக்கு முரணாகத் தோன்றினாலும், உளிக்கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை, கீறிவிட மட்டும் செய்கிறது.

நெல் தரிசுப் பயறு

தமிழ்நாட்டில் உழவின்றிப் பயிரிடும் முறைகளுள் நன்கு வேரூன்றியது நெல் தரிசில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பதாகும். நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்னர், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள் விதை தூவப்படும். எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயறு வளர்ந்து முதிர்கிறது. அறுத்த நெல்லின் தாள்கள் நிலத்தை ஓரளவு மூடுகின்றன. பயற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன. உதிரும் இலைகளும் மண்ணிலேயே மக்குகின்றன.

ஆலங்குடிக்கு அருகிலுள்ள வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. அங்கு உருவாக்கப்பட்ட உளுந்து இரகங்கள் வம்பன் என்ற பெயருடனும் எண்ணுடனும் மாநிலம் முழுவதும் பயிரிடப்படுகின்றன. அறுவடை இயந்திரங்கள் பரவியதிலிருந்து இம்முறைக்கு இடர் ஏற்பட்டுள்ளது. ஈர வயலில் இயந்திரம் செல்லும்போது முளைத்த பயறு நசுங்குவதோடு மண்ணும் அமுங்குகிறது.

பசுந்தாள் உரமும் ஆட்டுக்கிடையும்

தக்கைப்பூண்டு, சணப்பை, கொழுஞ்சி ஆகியவை பசுந்தாளுக்காக விதைக்கப்படுகின்றன. இவற்றைப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவேண்டும். பிந்தினால் தண்டு முற்றி மக்குவது தாமதமாகும். இவற்றுள் கொழுஞ்சி வறட்சியைத் தாங்கி மேய்ச்சல் நிலங்களில் தானே வளரும் செடி. 2024 இல் தமிழ்நாடு அரசு அறிவித்த மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்கலும் அடங்கும்.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938-2013) குடும்பம் என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக இம்மாவட்டத்தில் பணியாற்றியவர். ஓடுகம்பட்டியில் அமைந்த பண்ணைக்குக் கொழுஞ்சியின் பெயரே சூட்டப்பட்டது. சரளைத் தரிசில் வரப்பிட்டு மழைநீரைத் தடுத்தல், மரம் வளர்த்தல், இலைதழையை நிலத்திலேயே விடுதல் ஆகியவை அங்கு பின்பற்றப்பட்டன. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் செடி ஆகியவற்றைக் கலந்து விதைத்து மடக்கி உழும் பலதானிய விதைப்பைத் தமிழ்நாட்டில் பரப்பியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இன்றும் உள்ளது. கோடையில் மேய்ப்பவர்கள் மந்தையை இரவில் வயலில் அடைத்து, இடம் மாற்றிக்கொண்டே செல்வர். சாணத்துடன் சிறுநீரும் நேரடியாக மண்ணைச் சேர்வது இதன் சிறப்பு. குப்பைக்குழியில் சேர்க்கும் எருவில் சிறுநீரின் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது.

கண்மாய் வண்டல்

கண்மாயில் படியும் வண்டல், மேட்டு நிலத்திலிருந்து அரித்து வரப்பட்ட மேல்மண்ணேயாகும். அதை மீண்டும் வயலுக்கு எடுத்துச் செல்வதால் மணற்பாங்கான சிவப்பு மண்ணில் களியின் அளவும் நீர்ப்பிடிப்பும் கூடுகின்றன. கண்மாயின் கொள்ளளவும் மீட்கப்படுகிறது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து நலிந்தபோது இவ்வழக்கமும் குறைந்தது. 2017 இல் உழவர்கள் ஏரி, குளங்களில் வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு வழிசெய்தது. வண்டல் என்ற பெயரில் அடியிலுள்ள கிராவலை அள்ளினால் வயலுக்கும் பயனில்லை, கண்மாய்க்கும் கேடு.

இம்மாவட்டத்தில் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் வளர்க்கும் தைல மரக் காடுகளைச் சுற்றியும் நீண்ட முரண்பாடு உண்டு. அங்கு எழுப்பப்பட்ட வரப்புகள் மழைநீரைத் தடுத்து, கண்மாய்களுக்கு வரத்து இல்லாமல் செய்துவிட்டன என்பது உழவர்களின் முறையீடு. ஓரிடத்தில் மண்ணரிப்பைத் தடுக்கும் அதே வரப்பு, கீழுள்ள ஊரின் நீரைப் பறிக்கவும் கூடும்.

மரத்தோட்டங்கள்

வடகாடு, கீரமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் தென்னை, பலா, வாழை ஆகியவை அடுக்கடுக்காக வளர்கின்றன. சமவெளியாக இருந்தும் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றப்பட்டுள்ளது. இங்கு உழவு குறைவு, சருகு மிகுதி, நிழல் நிலையானது. வளங்காப்பு வேளாண்மையின் மூன்று கூறுகளும் ஒருசேர அமைந்த இடம் மாவட்டத்தில் இதுவே எனக் கூறலாம். ஆயினும் இத்தோட்டங்கள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியவை. நவம்பர் 16, 2018 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் ஏராளமான தென்னைகளும் பலா மரங்களும் சாய்ந்தன. பல ஆண்டுகள் நிழலில் இருந்த மண் ஒரே நாளில் வெயிலுக்கு வந்தது.

மண் நலத்தை அறிதல்

2015 இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், பேரூட்ட நுண்ணூட்டச் சத்துகள் உட்பட 12 கூறுகள் அளக்கப்படுகின்றன. அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் குறைவு எனவும், 0.75 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் அதிகம் எனவும் கொள்ளப்படும். வெப்பம் மிகுந்த இப்பகுதியில் இட்ட அங்ககப் பொருள் விரைவில் சிதைவதால் இந்த எண் மெதுவாகவே உயரும். ஓரிரு ஆண்டுகளில் மாற்றம் காணாமல் முயற்சியைக் கைவிடுவோர் உண்டு.

நீர் உள்ளிறங்கும் வேகம், மேற்பரப்பு இறுக்கம், மண்கட்டிகளின் உறுதி, மண்புழுக்களின் எண்ணிக்கை ஆகியவை அட்டையில் இடம்பெறுவதில்லை. மூடாக்கின் பயன் முதலில் தென்படுவது இவற்றில்தான். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இட்டுப் பார்த்தால், உழுது வெறுமையாக விட்ட நிலத்தின் கட்டி சில நிமிடங்களில் கரைந்து சேறாகும். சருகு மூடிய தோட்டத்துக் கட்டி பெரும்பாலும் நெடுநேரம் உருக்குலையாமல் இருக்கும்.