கல்லுமக்காய்: ஹலாலும் தய்யிபும்

கடல் வேட்டையும் கடல் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை மக்கள் இதன்படி சிப்பி வகைகளை உண்கின்றனர். மீன் மட்டுமே ஆகுமானது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. அவரவர் மத்ஹபை அவரவர் பேணுவோம். உண்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

வட மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் கல்லுமக்காயின் ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து, ஆவியில் வேகவைத்து, மசாலா தடவிப் பொரித்தெடுக்கும் அரிக்கடுக்கா பெயர் பெற்ற பண்டம். குமரிக் கடற்கரையின் பாறைகளிலும் இச்சிப்பி விளைகிறது. வேகவைத்த 100 கிராம் சதையில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் உள்ளன. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12 உயிர்ச்சத்தைப் போல் பல மடங்கும் கிடைக்கிறது. இரத்தசோகையால் வாடும் நம் பெண்களுக்கு இது நல்லுணவே.

ஆனால், கடல்நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது இச்சிப்பியின் இயல்பு. நீரில் நஞ்சு இருப்பின் அதுவும் சதையில் சேர்கிறது. 1793ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கனடாவின் மேற்குக் கரையை ஆய்வு செய்த வான்கூவரின் மாலுமிகள் காலை உணவாக இச்சிப்பியை உண்டனர். சிலர் நோயுற்றனர், ஜான் கார்ட்டர் என்பவர் சில மணி நேரத்தில் இறந்தார். 1927இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் மாண்டனர். அதன் பின்னர் சோமர், மேயர் ஆகிய ஆய்வாளர்கள், நஞ்சின் மூலம் கடலில் மிதக்கும் நுண்பாசியே என்று கண்டறிந்தனர். கலிஃபோர்னியாவில் இன்றும் மே முதல் அக்டோபர் வரை கடற்கரையில் இச்சிப்பியை உணவுக்காகச் சேகரிக்கத் தடை விதிக்கப்படுகிறது.

இது தொலைதூரக் கதையன்று. 1981இல் தமிழகத்தில் சிப்பி நஞ்சால் 3 உயிர்கள் பிரிந்தன. 1997 செப்டம்பரில் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் உண்ட நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். இந்நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது.

ஆகவே, கடல் நிறம் மாறியுள்ள காலத்திலும், அதிகாரிகள் எச்சரிக்கும் காலத்திலும், சாக்கடை கலக்கும் இடத்திலும் எடுத்த சிப்பியை அறவே தவிர்ப்போம். ஓடு மூடிய, உயிருள்ள சிப்பியையே வாங்குவோம். திறந்திருப்பதைத் தட்டியும் மூடாவிட்டால் எறிந்துவிடுவோம். நாரை நீக்கி, நன்கு கழுவி, முழுமையாக வேகவைத்து உண்போம். எண்ணெயில் பொரிப்பதைவிட ஆவியில் அவிப்பது மேல். இயல்பிலேயே உப்புள்ள உணவாதலால், இரத்த அழுத்தம் உள்ளோருக்குச் சமைக்கையில் உப்பைக் குறைக்கலாம். சிப்பி, இறால் ஒவ்வாதோர் விலகியிருத்தல் நலம். உண்டபின் உதடும் நாவும் மரத்துப்போனால் கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. மூச்சுத் தளரும்போது செயற்கைச் சுவாசமே உயிர் காக்கும்.

அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் ஹலாலுடன் தய்யிபையும், அதாவது தூய்மையான நல்லுணவையும், சேர்த்தே கூறுகிறது. ஆகுமானது என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுவதில்லை. எந்த நீரில், எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்பதும் அதன் பகுதியே. உடல் அல்லாஹ்வின் அமானிதம். அதைப் பேணி உண்ணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.